டிஸ்க் பிரேக் தந்த லான்செஸ்டர்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் என்ஜினீயரிங்)



நம் துறையில் ஹென்றி ஃபோர்டைத் தெரியாதவர் இருக்க முடியாது. கார்ல் பென்ஸ், ருடால்ஃப் டீசல் எல்லாரும் முதல் வகுப்பிலேயே காதில் விழுந்துவிடுகிறார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போகிற லாரி திடீரென்று நின்று, நாம் பைக்கின் முன் பிரேக்கை அழுத்தித் தப்பிக்கிறோமே, அந்த டிஸ்க்குக்கு முதன்முதலில் காரில் காப்புரிமை வாங்கியவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்போம். அவர் பெயர் ஃபிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர். வருடம் 1902. அவர் கண்டுபிடித்தது சரி. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அது கார்களில் பரவலாகப் பயன்படவே இல்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

லான்செஸ்டர் 1868 அக்டோபர் 23 அன்று லண்டனில் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர். அம்மா லத்தீனும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் நாலாவது. கொஞ்ச நாளிலேயே குடும்பம் பிரைட்டன் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. சவுத்தாம்ப்டனில் ஹார்ட்லி கல்வி நிலையத்தில் படித்தார். பிறகு ஸ்காலர்ஷிப் கிடைத்து லண்டன் கென்சிங்டனில் இருந்த அறிவியல் பள்ளிக்குப் போனார். அங்கே பட்டறை வேலை போதவில்லை என்று தோன்றியதால், சாயங்காலத்தில் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் பள்ளி வகுப்புகளுக்கும் நடந்தார். இவ்வளவு படித்தும் கடைசியில் ஒரு சர்ட்டிஃபிகேட் கூட வாங்காமல் வெளியே வந்தார்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். அவர் பரீட்சையை விட்டாரே தவிர, கணக்கை விடவில்லை.

முதல் வேலை ஒரு பேட்டன்ட் அலுவலகத்தில் டிராயிங் போடுவது. வாரம் 3 பவுன் சம்பளம். அங்கேயே டிராயிங் போட உதவும் ஒரு கருவியைச் செய்து தன் பெயரில் பேட்டன்ட் எடுத்தார். அடுத்து பர்மிங்ஹாமில் சால்ட்லி என்ற இடத்தில் இருந்த ஃபார்வர்டு கேஸ் என்ஜின் கம்பெனியில் உதவி ஒர்க்ஸ் மேனேஜர் வேலை கிடைத்தது. சேரும்போது கொடுத்த ஒப்பந்தத்தில், நீ எதைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு ஷரத்து இருந்தது. லான்செஸ்டர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வயது இருபதுதான்!

எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இது. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். பாங்க் காகிதமானாலும் பஞ்சாயத்துக் காகிதமானாலும் எல்லாம் என்னிடம்தான் வரும். எங்கே பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ அங்கே கையெழுத்து, அவ்வளவுதான் எங்கள் வழக்கம். அப்ரண்டிஸ் ஃபாரத்தில் ஒரு வரியை அடிக்கலாம் என்பதே இவர் கதையைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அடித்த வரி அவருக்குச் சோறு போட்டது. 1889-ல் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு பெண்டுலம் கவர்னர் செய்தார். கம்பெனி தன் என்ஜினில் அதைப் பொருத்தும்போதெல்லாம் ஒன்றுக்கு 10 ஷில்லிங் ராயல்டி அவருக்கு வந்தது. 1890-ல் இன்னொரு கருவி: பெண்டுலம் ஆக்ஸிலரோமீட்டர். சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது, பிரேக் போட்டால் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்று பதிவு செய்யும் கருவி. கவனியுங்கள், அப்போது அவர் ஒரு கார் கூடச் செய்யவில்லை. ஆனால் பிரேக்கை அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்துவதைப் பற்றி யோசித்த மனிதர்!

கார் 1896-ன் தொடக்கத்தில் முதன்முதலில் ஓடியது. ஒற்றை சிலிண்டர், 5 குதிரைசக்தி. போதவில்லை என்று அடுத்த வருடமே இரண்டு சிலிண்டர் வைத்தார். அதில் இரண்டு கிராங்க் ஷாஃப்ட், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும். ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று அடக்கிவிடும். எபிசைக்ளிக் கியர், வார்ம் டிரைவ் எல்லாம் அவர் வண்டியில் இருந்தன. 1899 டிசம்பரில் லான்செஸ்டர் என்ஜின் கம்பெனி தொடங்கப்பட்டது. ஒரு காரின் பாகத்தைக் கழற்றி இன்னொரு காரில் போட்டால் அரம் தேய்க்காமல் உட்கார வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நாம் மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அதே விஷயம்.

இப்போது பிரேக்குக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்கு போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1896 நவம்பர் வரை இங்கிலாந்தில் என்ஜின் வண்டிக்குச் சட்டப்படி மணிக்கு 4 மைல்தான் வேகம். முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும். பிறகு 14 மைல் ஆனது. 1903-ல் வந்த சட்டம் 20 மைல் வரை அனுமதித்தது. நாலிலிருந்து இருபது என்றால் வேகம் 5 மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆகவே பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 25 மடங்கு! ஏழெட்டு வருடத்துக்குள் இத்தனை மாற்றம். பிரேக்கோ மாட்டு வண்டிக் காலத்துக் கட்டையும், தோலும், பட்டையும்தான்.

1902-ல் இரண்டு பேர் இரண்டு வழி காட்டினார்கள். பிரான்சில் லூயி ரெனோ, டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசும் பிரேக்கை உருப்படியாக்கினார். பர்மிங்ஹாமில் லான்செஸ்டர், சக்கரத்தோடு சுற்றும் ஒரு தகட்டை இரண்டு பக்கமும் தாடை போலக் கவ்விப் பிடிக்கும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். தன் கார்களில் பொருத்தியும் ஓட்டினார்.

இதில் லான்செஸ்டர் வழிதான் மேலானது என்று நான் சொல்வேன். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். மிதி இன்னும் கீழே போகும். டிஸ்க் சூடானால் பேடைப் பார்த்துத்தான் விரியும். டிரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். டிஸ்க் வெட்டவெளியில் காற்று வாங்கும். மழைத் தண்ணீர் பட்டாலும் டிஸ்க் சுற்றுகிற சுற்றில் சிதறிவிடும். வடிவம் சரி, தத்துவம் சரி, எல்லாம் சரி.

ஆனால் பேடு? அங்கேதான் விதி விளையாடியது. தோல் வைத்தால் கருகும், கட்டை வைத்தால் எரியும். கடைசியில் அவர் தாமிரம் வைத்தார். அந்தக் காலத்துச் சாலை தார்ச் சாலை இல்லை, புழுதிச் சாலை. டிஸ்க்கோ மூடாமல் கிடக்கிறது. புழுதி நடுவில் புகுந்து தாமிரத்தை எமரி பேப்பர் போலத் தேய்த்துத் தள்ளியது. உலோகத்தோடு உலோகம் உரசும் கிறீச் சத்தம் வேறு. டிரம்முக்கோ கூடு உண்டு, புழுதி அவ்வளவாகப் போகாது. டிரம் ஜெயித்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் கொண்டுவந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. லைனிங் வந்தபோது, எல்லாரும் டிரம்முக்குப் போய்விட்டிருந்தார்கள். அது மட்டும் போதாது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்க டிரம்மைவிட அதிக விசை வேண்டும். லிவரும் கம்பியும் அந்த விசையைத் தராது. ஹைட்ராலிக் பிரேக் சாதாரணக் கார்களுக்கு வர இன்னும் காலம் ஆனது. ஆக லான்செஸ்டரிடம் டிஸ்க் இருந்தது. பேடும் பிரஷரும் இல்லை.

கம்பெனிக் கதையும் சோகம்தான். ஆர்டர் நிறைய இருந்தும் முதலீடு போதாமல் 1904-ல் கடனில் விழுந்தது. கம்பெனியைத் திருத்தி அமைத்து மறுபடி நடத்தினார்கள். 1909-ல் லான்செஸ்டர் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகர் ஆனார். கார் தயாரிப்பைப் பின்னால் தம்பி ஜார்ஜ் பார்த்துக்கொண்டார். ஜார்ஜ் வடிவமைத்த லான்செஸ்டர் 40 காரின் மேல்தான் 1924-ல் நம் நாட்டு ஆல்வார் மகாராஜாவுக்கு, முடிசூட்டு விழாக் குதிரை வண்டி போலவே ஒரு பாடி கட்டிக் கொடுத்தார்கள். 1931-ல் கம்பெனி பி.எஸ்.ஏ. குழுமத்துக்குக் கைமாறியது.

விமானம் பற்றியும் சொல்லாவிட்டால் ஏரோ படிக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கடற்பறவைகள் சிறகசைக்காமல் மிதப்பதைக் கவனித்து, இறக்கைக்குத் தூக்குவிசை எப்படி வருகிறது என்று 1890-களிலேயே எழுதினார். லண்டனில் பெரிய சங்கங்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. 1907, 1908-ல் இரண்டு புத்தகங்களாகப் போட்டார். படைபலம் பற்றிய லான்செஸ்டர் விதிகள் முதல் உலகப்போர் காலத்தவை. என்ஜின் அதிர்வைக் குறைக்க அவர் சொன்ன பேலன்ஸ் ஷாஃப்டை 1970-களில் மிட்சுபிஷி எடுத்துத் தூசு தட்டியது. மனிதர் பாட்டும் பாடுவார். வேறு பெயரில் கவிதையும் எழுதினார். எப்படித்தான் நேரம் கிடைத்ததோ!

1922-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1931-ல் விமானவியலுக்காக குகன்ஹைம் பதக்கம். ஆனால் கையில் காசு தங்கவில்லை. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய், கண் பார்வையும் மங்கல். பர்மிங்ஹாம் மோஸ்லியில் இருந்த வீட்டை வைத்துக்கொள்வதற்கே அறக்கட்டளைகளின் உதவி தேவைப்பட்டது. 1946 மார்ச் 8 அன்று அந்த வீட்டிலேயே காலமானார். பிள்ளைகள் இல்லை.

1970-ல் கோவென்ட்ரி நகரத்தில் மூன்று கல்லூரிகளை இணைத்து ஒரு பாலிடெக்னிக் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் லான்செஸ்டர் பாலிடெக்னிக். சர்ட்டிஃபிகேட் வாங்காதவர் பெயரில் சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்கள்! 1987-ல் அது கோவென்ட்ரி பாலிடெக்னிக் ஆனது, 1992-ல் பல்கலைக்கழகமானது. அதன் நூலகத்துக்கு மட்டும் அவர் பெயர் இருக்கிறது.

அவர் இறந்து 7 வருடம் கழித்து, 1953-ல் பிரான்சில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் முதலில் வந்தது. முதன்முறையாக மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகம். மற்றவர்கள் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் போட, ஜாகுவார் கிட்டே போய்ப் போட்டது.  1955-ல் சிட்ரோயன் டி.எஸ்., 1956-ல் கோவென்ட்ரியில் தயாரான டிரையம்ப் டி.ஆர். 3 என்று முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. டி.ஆர். 3-க்குப் பிரேக் கொடுத்தது கெர்லிங். பின்னாளில் லூகாஸ் கெர்லிங் என்று ஆன அதே கம்பெனியோடு டி.வி.எஸ். குழுமம் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதன் பாடி தொழிற்சாலை நம் அண்ணன்மார்கள் பலர் அப்ரண்டிஸ் போன இடம்.

அதே கோவென்ட்ரியில் 1959-ல் பிறந்த இன்னொரு வண்டி டிரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் வண்டலூரில் செய்தார்கள். வண்டலூர் அன்றைக்கும் செங்கல்பட்டு மாவட்டம், நடுவில் சில காலம் காஞ்சிபுரம் மாவட்டம், 2019-லிருந்து மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். இங்கிலாந்தில் 1963-ல் வந்த ஹெரால்டு 12/50 முன் டிஸ்க்கோடு வந்தது. வண்டலூர் ஹெரால்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான்.

போன லீவில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு பட்டறையில் டிரெய்னிங் இருந்தேன். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஹெரால்டு வந்தது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட வேண்டும். சொந்தக்காரர் ஒரு பெட்டி நிறையப் பழைய சாமான் கொண்டுவந்திருந்தார். எல்லாம் வெளிநாட்டு செகண்ட் ஹேண்ட். பட்டறை அண்ணன் என்னிடம் பெட்டியைக் கொடுத்து, எது என்ன என்று பிரித்து வைக்கச் சொன்னார். லான்செஸ்டர் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகவே முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். வீலைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 8 அங்குல டிரம், அதன் பின்தகடு. இவை போக வேண்டும். டிரம் ஹப்பில் டிஸ்க் உட்காராது; டிஸ்க் போல்ட் ஆகிற ஹப் தனி, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் தனி. காலிப்பரை அடையாளம் காண்பது சுலபம். துருவைச் சுரண்டினால் உடலிலேயே வார்ப்பில் எண் தெரியும்: 12, 14 அல்லது 16. எண் ஏற ஏறப் பிஸ்டன் பெரிசு. ஹெரால்டு குடும்பத்துக்குச் சின்னது, ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு 16. பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 12, மறு பக்கத்துக்கு 14 இருந்தது! அப்படியே மாட்டியிருந்தால் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். சொந்தக்காரர் ஜோடி தேடி வாங்கிவர மூன்று வாரம் ஆனது.

அதைவிட ஆபத்து மரையில் இருக்கிறது. பழைய காலிப்பரில் யூனியன் மரை 3/8 அங்குலம் யு.என்.எஃப்., பிந்தியதில் மெட்ரிக் எம்10. மூன்று எட்டு என்பது 9.525 மி.மீ. அது எம்10 துளைக்குள் ஜோராகப் போய்விடும். இறுக்கினது போலவும் இருக்கும். ஆனால் மரை சரியாகக் கவ்வாது. அவசரத்தில் ஓங்கி மிதிக்கும் அன்றைக்கு யூனியன் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே கையில் மரை கேஜ் இல்லாமல் காலிப்பரைத் தொடாதீர்கள். டிஸ்க் கனத்தை மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் பாருங்கள், ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். வீல் போல்ட் வட்டம் 3.75 அங்குலம், அதாவது 95.25 மி.மீ. இன்றைய கார் ஹப்பை அப்படியே மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைக்கும் வால்வு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பேடு டிஸ்க்கை விடாது, ஓடஓடச் சூடாகும். ஆயில் டப்பாவும் பெரிசாக வேண்டும். பேடு தேயத்தேய ஆயில் காலிப்பருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பின் டிரம்மில் கை வைக்காதீர்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட முந்திப் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். பழைய ஷூவைக் கழற்றும்போது ஏர் பிடித்துத் தூசியை ஊதுகிறோமே, அதை விட்டுவிடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத் துணியில் துடைத்து எடுங்கள்.

கடற்கரை வண்டிக்கு இன்னும் ஒன்று. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் குடித்த பின் 155 வரை இறங்கலாம். கொதித்தால் லைனில் ஆவி, மிதி பஞ்சு மாதிரி இறங்கிவிடும். அங்கே பேடைவிட ஆயிலைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

ஹெரால்டு எடை ஏறத்தாழ 800 கிலோ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் இருப்பது சுமார் 2 லட்சம் ஜூல். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கிற அளவு. அது முழுவதும் நாலைந்து விநாடியில் பிரேக்குக்குள் போக வேண்டும். பாதிக்கு மேல் முன்சக்கரத்துக்கே போகும், ஏனென்றால் பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்கிறது. 9 அங்குல டிஸ்க் இரண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது.

ஏர் எடுத்து முடித்து, விடிகாலையில் அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் வரை போனோம். புதுப் பேடு பதிய, 50-லிருந்து மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டோம். மிதி டிரம்மைவிடக் கல்லு மாதிரி இருந்தது. டிஸ்க்கில் ஷூ தானே இழுத்துக்கொள்ளும் உதவி கிடையாது, காலால்தான் அழுத்த வேண்டும். கடைசியில் ஆள் இல்லாத நேர் ரோட்டில் 60-லிருந்து ஓங்கி மிதித்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சொந்தக்காரர் பதறிப்போய் வந்தார். புது டிஸ்க் இரண்டும் ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிவிட்டதாம். உப்புக் காற்றில் வார்ப்பிரும்பு அப்படித்தான் பூக்கும். அண்ணன் சாவியை வாங்கி, பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் இரண்டு முறை பிரேக் அடித்துக்கொண்டு வந்தார். டிஸ்க் பளபளவென்று இருந்தது.